வெளிநாட்டுப் பார்சலும் கையெழுத்தும்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலைகள் பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. பழைய வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு ஜெர்மனியில் ஸ்பிரிங் தேடுபவர்கள், முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள், இங்கிலாந்திலிருந்து கேமரா லென்ஸ் வரவழைக்கும் கல்லூரிப் பையன்கள் என்று பலர் வருவார்கள். பணம் கட்டும்வரை யாருக்கும் சந்தேகம் வராது, பெட்டி ஊருக்குள் வந்து யாராவது கையெழுத்துக் கேட்ட பிறகுதான் வரிசையாக வரும். அவர்கள் கேட்டதை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

வெளிநாட்டுல இருந்து வர்ற எல்லா பார்சலுக்கும் கையெழுத்து போட்டுத்தான் வாங்கணுமா?

இல்லை. எந்த வழியாக வருகிறது, அனுப்பியவர் எந்தச் சேவைக்குப் பணம் கட்டினார் என்பதைப் பொறுத்தது. தபாலில் சாதாரணக் கடிதக் கட்டணத்தில் வரும் சின்னக் கவர்களுக்குக் கையெழுத்து கிடையாது, ஆள் இல்லாவிட்டால் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். பதிவுத் தபால், வெளிநாட்டு விரைவுத் தபால் இரண்டுக்கும் கட்டாயம். டிஹெச்எல், ஃபெடெக்ஸ் மாதிரி சர்வதேசக் கூரியர்களில் கையெழுத்து வாங்குவதுதான் இங்கே வழக்கம்.

இன்னொரு வழியும் உண்டு. விற்கும் தளமே சுங்க வேலையெல்லாம் முடித்து, கடைசியில் உள்ளூர் டெலிவரி ஆளிடம் கொடுத்துவிடும். அதில் கையெழுத்துக்குப் பதிலாகப் பல நேரம் போனுக்கு வரும் ஓடிபி எண்ணைத்தான் கேட்பார்கள்.

என் பார்சலுக்கு கையெழுத்து கேப்பாங்களான்னு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தபாலில் வருவதென்றால் டிராக்கிங் எண்ணே சொல்லிவிடும். உலகத் தபால் ஒன்றியம் வகுத்த முறைப்படி அதில் பதிமூன்று இடம்: முதலில் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டெழுத்து. எஸ்ஜி என்றால் சிங்கப்பூர், எம்ஒய் மலேசியா, ஜிபி பிரிட்டன், டிஇ ஜெர்மனி. நமக்கு வேண்டியது முதல் எழுத்து. ஆர் என்றால் பதிவுத் தபால், கையெழுத்து உறுதி. ஈ என்றால் விரைவுத் தபால், சி என்றால் பார்சல், வி என்றால் இன்சூர் செய்தது, இவற்றுக்கும் ஆள் இருக்க வேண்டும். யூ என்றால் கையெழுத்தும் இல்லை, வழியில் எங்கே இருக்கிறது என்ற விவரமும் அநேகமாக இருக்காது. எல் என்றால் டிராக்கிங் மட்டும், விதிப்படி கையெழுத்து கட்டாயமில்லை, ஆனால் பார்கோடைப் பார்த்தால் நம்மூர் போஸ்ட்மேன் வாங்காமல் விடமாட்டார்.

ஒன்பது இலக்கத்தில் கடைசியில் இருப்பது சரிபார்ப்பு எண். முந்தைய எட்டையும் வைத்துக் கணக்கிடப்படுவது. அதனால் ஒரே ஒரு இலக்கம் மாறிப்போனாலும் அநேகமாக அந்த எண்ணே செல்லாது. "விக்கிறவன் பொய் நம்பர் குடுத்துட்டான்" என்று வருபவர்களில் பலருக்கு 1ஐயும் 7ஐயும் மாற்றி எழுதியதுதான் பிரச்சினையாக இருக்கிறது.

ரிஜிஸ்டர் தபாலையே நிறுத்திட்டாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே?

நம் நாட்டுக்குள் அனுப்பும் பதிவுத் தபாலைத்தான் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்தார்கள். இப்போது உள்நாட்டு ஸ்பீடு போஸ்ட்டில் பெறுபவர் கையில்தான் தர வேண்டும் என்றால் 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கூடுதலாகக் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம், ஓடிபி சொல்லி வாங்கும் வசதிக்கும் அதே 5 ரூபாய். வெளிநாட்டுத் தபால்துறை ஆர் எண் போட்டு அனுப்புவது அந்த நாட்டுச் சேவை. அது வந்தால் இங்கே கையெழுத்து வாங்கித்தான் தருவார்கள்.

கையெழுத்து டெலிவரி வேணும்னு நான் கேக்கவே இல்ல, விக்கிறவன் அதுக்கும் சேர்த்து காசு வாங்குறான். ஏன்?

அவருடைய பாதுகாப்புக்கு. இபே என்ற விற்பனைத் தளத்தில் ஓர் ஆர்டர் மொத்தம் 750 டாலரோ அதற்கு மேலோ போனால், கையெழுத்து வாங்கிய ஆதாரம் இல்லாமல் "பொருள் வரவில்லை" என்ற புகாரில் விற்றவர் தப்ப முடியாது. ஆன்லைனில் பணம் கட்டும் சேவையான பேபாலிலும் ஏறக்குறைய இதே விதி. நீங்கள் நல்லவர்தான், ஆனால் அவருக்கு நீங்கள் கடல் தாண்டி இருக்கும் ஒரு பெயர், அவ்வளவே.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்: பெட்டி இந்த முகவரியில் ஒருவர் கைக்கு வந்தது என்பதற்குத்தான் கையெழுத்து சாட்சி, உள்ளே சரியான பொருள் இருந்தது என்பதற்கு அல்ல. மொய்க் கவரை வாங்கிக்கொண்டவர் உள்ளே எவ்வளவு என்று எண்ணிப் பார்த்ததாக அர்த்தமில்லையே.

அப்ப கையெழுத்தே வேண்டாம், வாசல்ல வச்சுட்டுப் போகச் சொல்லிடலாமா?

சில சர்வதேசக் கூரியர்களில் அப்படி ஒரு வசதி உண்டு, ஆனால் அனுப்பியவர் கையெழுத்து கட்டாயம் என்று போட்டிருந்தால் அது திறக்காது. தபாலில் ஆர், ஈ எண்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. வரி வசூலிக்க வேண்டிய பெட்டி என்றால் எப்படியும் வாசலில் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள்.

கிடைத்தாலும் அந்த வசதியை விலை அதிகமான பொருளுக்குக் கேட்காதீர்கள். நீங்களே விலக்கு கொடுத்துவிட்டு அப்புறம் காணோம் என்றால் புகாருக்கு வலு இருக்காது.

நான் சென்னையில இருக்கேன், பார்சல் ஊர் வீட்டுக்குப் போகுது. வாட்ச்மேன் கையெழுத்து போட்டு வாங்கலாமா?

கூரியர் என்றால் பெரும்பாலும் வாங்கலாம். அந்த முகவரியில் இருக்கும் வயதுவந்த ஒருவரிடம் கொடுத்து, பெயரைக் குறித்துக்கொள்வார்கள். அனுப்பியவர் "பெறுபவர் மட்டும்" என்று போட்டிருந்தால் வாட்ச்மேனிடம் தரமாட்டார்கள். தபாலில் விதி கொஞ்சம் இறுக்கம்: பெறுபவரோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரோ வாங்க வேண்டும். வழக்கத்தில் வீட்டு ஆள் என்று தெரிந்தால் போஸ்ட்மேன் கொடுத்துவிடுவார், கிராமங்களில் அவருக்குத் தெரியாத வீடு ஏது? ஆள் மாறினால்தான் சிக்கல். பழகிய போஸ்ட்மேன் லீவில் போய்ப் புதியவர் வந்தால் "லெட்டர் இருக்கா?" என்பார், அவர் கேட்பது நியாயம்.

அதனால் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிவைத்துவிடுங்கள். உங்கள் பெயர், முகவரி, உங்கள் சார்பில் வாங்குபவரின் பெயர், அவருடைய மாதிரிக் கையெழுத்து, உங்கள் கையெழுத்து, தேதி. இதை டெலிவரி செய்யும் தபால் நிலையத்தில் ஒரு நகல் கொடுத்து, இன்னொன்றை வாட்ச்மேனிடம் உங்கள் அடையாள அட்டை நகலோடு வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை.

எங்க ஆச்சிக்கு கையெழுத்து வராது, கைநாட்டுதான். பரவாயில்லையா?

பரவாயில்லை. தபாலில் கைநாட்டு வாங்கி, பக்கத்தில் ஒரு சாட்சியும் கையெழுத்துப் போட்டால் செல்லும். அந்தச் சாட்சி யார் என்று ஆச்சிக்கும் தெரிந்திருக்கட்டும். வரி ஏதும் கட்ட வேண்டியிருந்தால் ரசீதைப் பார்த்து எவ்வளவு என்று படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதற்காகவாவது பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள்.

ஆளு வீட்டுலதான் இருந்தாங்க. ஆனா 'வீடு பூட்டியிருக்கு'ன்னு போட்டுட்டுப் போயிட்டான். இது என்ன நியாயம்?

கூரியர் பையன் பொய் சொன்னதாகவே எல்லாரும் முடிவு கட்டுகிறார்கள், சில நேரம் அப்படியும் நடக்கிறது. ஆனால் நம்மூர் வீடுகளின் கதை வேறு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வீட்டில் இருக்கும் இரண்டு பேரும் பின்கட்டில் அடுப்படிப் பக்கம் இருப்பார்கள். முகப்புக் கதவு திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் திறப்பதோடு சரி, தாழ்ப்பாளில் தூசி படிந்திருக்கும், திண்ணைக் கம்பிக்கேட்டில் ஒரு பூட்டும் தொங்கும். வெளியூரிலிருந்து வந்த பையன் நான்கு தடவை தட்டிப் பார்ப்பான், உள்ளே இரண்டு வளவு (முற்றம்) தாண்டிச் சத்தம் கேட்குமா? பூட்டையே போட்டோ எடுத்து ஏற்றிவிட்டுப் போய்விடுவான்.

முகவரியில் எந்தத் தெரு வாசலில் ஆள் இருப்பார்கள் என்பதை எழுதுங்கள். "பின்வாசல், இன்ன தெரு, இன்ன கோயிலுக்கு எதிரே" என்று ஒரு வரி போதும். கூடவே, போன் எண் வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும். சென்னையிலோ துபாயிலோ இருக்கும் உங்கள் எண்ணைப் போட்டால் மீட்டிங்கில் இருக்கும்போதுதான் அழைப்பு வரும்.

தவறவிட்டால் பயப்பட வேண்டாம். தபால் பார்சல் பொதுவாக ஏழு நாள் டெலிவரி தபால் நிலையத்தில் காத்திருக்கும். அறிவிப்புச் சீட்டையும் அடையாள அட்டையையும் கொண்டுபோய் அங்கேயே கையெழுத்துப் போட்டு வாங்கலாம். கூரியரில் பெரும்பாலும் இரண்டு மூன்று தடவை வருவார்கள், அதற்கு மேல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குச் சர்வதேசக் கூரியர்கள் பல நேரம் வேறு கூரியர் மூலம்தான் கொடுத்தனுப்புகிறார்கள், அப்போது டிராக்கிங் எண்ணும் மாறலாம். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியில எங்க விலாச எழுத்தோட பேர் போட்டிருக்கு, ஆதார்ல வேற மாதிரி இருக்கு. தருவாங்களா?

செட்டிநாட்டுக்கே உரிய தலைவலி இது. நகரத்தார் வீடுகளில் குடும்ப விலாசம் என்று மூன்று நான்கு எழுத்து வரும், ஆதாரில் அப்பா பெயரின் ஒற்றை எழுத்து மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அதுவே முழுப் பெயராக விரிந்திருக்கும். வீட்டுக்கு வரும் போஸ்ட்மேனுக்கு விலாசம்தான் சுலபம், ஒரே தெருவில் மூன்று மெய்யப்பன் இருந்தால் வேறு எதை வைத்துப் பிரிப்பார்?

ஆனால் கூரியரில் வரும்போது சுங்க அனுமதிக்கு உங்கள் அடையாள ஆவணம் தேவை: ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை போன்றவை. அதில் உள்ள பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் பெட்டி விமான நிலையத்திலேயே உட்கார்ந்துவிடும். அதனால் பெயர் வரியில் ஆவணத்தில் உள்ளபடி அப்படியே எழுதுங்கள். விலாசத்தை முகவரியின் முதல் வரியில், "இன்ன விலாச வீடு" என்று போடுங்கள். போஸ்ட்மேன், கூரியர் இரண்டு பேருக்கும் வசதி.

கூரியர்ல இருந்து ஆதார் கேட்டு லிங்க் வந்திருக்கு. குடுக்கலாமா?

ஆவணம் கேட்பது உண்மையான நடைமுறைதான், மேலே சொன்னேன். அதையே மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். குறுஞ்செய்தியில் வந்த லிங்க்கை அழுத்தாமல், நீங்களே கூரியரின் தளத்துக்குப் போய் உங்கள் டிராக்கிங் எண்ணைப் போடுங்கள். ஆவணம் தேவை என்றால் அங்கேயும் காட்டும். அனுப்பும் நகலின் குறுக்கே எதற்காக என்பதையும் தேதியையும் எழுதிவிடுங்கள்.

"உங்கள் முகவரி முழுமையாக இல்லை, பார்சல் கிடங்கில் நிற்கிறது, இங்கே அழுத்துங்கள்" என்று இந்தியா போஸ்ட் பெயரில் வரும் குறுஞ்செய்தி போலி, அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் (பிஐபி) உண்மைச் சரிபார்ப்புப் பிரிவே பலமுறை சொல்லிவிட்டது. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ காலில் வாருங்கள் என்று யாராவது சொன்னால் பேச்சையே வளர்க்காதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள். ஓடிபியும் அப்படித்தான், பெட்டி கண் முன்னால் இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

வரி கட்டச் சொல்றாங்க. கையெழுத்து போட்டா வரியை ஒத்துக்கிட்டதா ஆகுமா?

நடைமுறையில் ஆமாம், வரியைக் கட்டிப் பெட்டியை வாங்கிவிட்டால் அதன் பிறகு பேசுவது ரொம்பக் கஷ்டம். தபாலில் வருவதற்குச் சென்னை வெளிநாட்டுத் தபால் நிலையம் போன்ற இடத்தில் சுங்கத்துறை வரி போட்டு அனுப்பும், போஸ்ட்மேன் அதை வசூலிப்பவர் மட்டுமே. அவரிடம் பேரம் பேசிப் பயனில்லை. கணக்கு தப்பு என்று தோன்றினால் வாங்குவதற்கு முன்பே, வாங்கிய பில்லையும் பணம் கட்டிய ஆதாரத்தையும் வைத்து மறுமதிப்பீடு கேட்டு எழுதிக் கொடுங்கள். அதுவரை பெட்டியை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

கூரியரில் அவர்களே வரியைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிப்பார்கள், அதற்குத் தனிக் கட்டணமும் போடுவார்கள். ரசீது கேளுங்கள்.

மலேசியாவில இருந்து அய்த்தான் பரிசாத்தான் அனுப்புறார். 'கிஃப்ட்'னு எழுதிட்டா வரி இல்லல்ல?

அந்தக் காலம் போய்விட்டது. முன்பு ஒரு குறிப்பிட்ட மதிப்பு வரை பரிசுக்கு விலக்கு இருந்தது. அதை ஆன்லைன் வியாபாரிகள் ஏகத்துக்கும் பயன்படுத்தவே, 2019 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் மூடிவிட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள். பரிசாகவே அனுப்பலாம், ஆனால் உரிய வரியைக் கட்டித்தான் வாங்க வேண்டும். அய்த்தானிடம் உண்மையான விலையை எழுதச் சொல்லுங்கள், குறைத்து எழுதினால் தொலைந்தாலும் அந்த விலைக்குத்தான் இழப்பீடு பேச முடியும்.

பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துன்னு நான் பிடிவாதமா நிக்கலாமா?

நிற்கலாம், ஆனால் கூரியர் ஆள் சம்மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கையெழுத்துக்கு அப்புறம்தான் பெட்டி உங்களுடையது என்பது அவர் கணக்கு. பிரிக்காமலே வெளியே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது: மூலை நசுங்கியிருக்கிறதா, ஈரம் பட்டிருக்கிறதா, ஒட்டிய டேப்புக்கு மேல் வேறு நிற டேப் ஒட்டியிருக்கிறதா. கடைசியில் சொன்னது சுங்கத்தில் திறந்து பார்த்த அடையாளமாகவும் இருக்கலாம், அதனால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம்.

சேதம் கண்ணுக்குத் தெரிந்தால் தபாலில் "ஓப்பன் டெலிவரி" கேளுங்கள், தபால் நிலையத்தில் அவர்கள் முன்னிலையில் பிரித்து எழுதிக்கொள்வார்கள். கூரியரில் தாள் நீட்டினால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "பெட்டி நசுங்கிய நிலையில் பெறப்பட்டது" என்று எழுதுங்கள். இப்போதெல்லாம் போன் திரையில் விரலால் கிறுக்கச் சொல்கிறார்கள், அதில் எதையும் எழுத இடமில்லை. அப்போது கூரியர் ஆள் கையில் பெட்டி இருக்கும்போதே ஆறு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு அப்புறம் கிறுக்குங்கள். பிரிக்கும்போது லேபிளில் தொடங்கி வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

கையெழுத்து போட்டாச்சு. உள்ள கடிகாரக் கண்ணாடி தூள் தூளா இருக்கு. அவ்வளவுதானா?

அவ்வளவு இல்லை. கையெழுத்து எதற்குச் சாட்சி என்று முன்பே பார்த்தோம். விமானத்தில் வரும் சரக்குக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும், இந்தியாவும் அதில் இருக்கிறது. புகார் இல்லாமல் வாங்கினால் நல்ல நிலையில் வந்ததாக முதலில் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் சேதத்தை 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். பதினைந்தாம் நாள் போனால் கதவு மூடிவிடும். கூரியர்களுக்கு இது சரி, தபாலுக்கு இந்த உடன்படிக்கை இல்லை. தபாலில் விசாரணை கேட்பதும் இழப்பீடு வாங்குவதும் முக்கியமாக அனுப்பியவர் வழியாக, அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்.

நடைமுறையில் இரண்டையும்விட வேகமான வழி விற்ற தளம். அங்கே உடைந்து வந்ததாகப் புகார் போடுங்கள், போட்டோவும் வீடியோவும் கைவசம் இருந்தால் கையெழுத்து ஒரு தடையே இல்லை. பெட்டியையும் உள்ளே அடைத்த பஞ்சையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், கூரியர் பார்க்கக் கேட்கும்.

'டெலிவர்டு, கையெழுத்து பெறப்பட்டது'ன்னு காட்டுது, எனக்கு எதுவுமே வரல. யாரு போட்டா?

முதலில் வீட்டில், பக்கத்தில், எதிர்க்கடையில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், ஒரு தடவை கோயில் குருக்களிடம் வாங்கிவைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள், அவருக்கு யாருடையது என்றே தெரியவில்லை. கிடைக்காவிட்டால் கூரியரிடம் டெலிவரி ஆதாரம் கேளுங்கள்: வாங்கியவர் பெயர், கையெழுத்துப் படம், நேரம், முடிந்தால் இடம். தபால் என்றால் டெலிவரி தபால் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்குங்கள்.

கையெழுத்து உங்களுடையது இல்லை என்பதை அடையாள அட்டையோடு ஒப்பிட்டுத் தளத்துக்கு அனுப்புங்கள். இபேயில் வந்து சேர வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 30 நாள், பேபாலில் பணம் கட்டியதிலிருந்து 180 நாள். விற்றவர் "இன்னும் ஒரு வாரம் பாருங்க" என்று இனிக்க இனிக்கப் பேசியே அந்த 30 நாளைக் கடத்திவிடுவார், பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், புகாரை முதலில் பதிந்துவிடுங்கள்.

வாங்கவே மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டா காசு வந்துருமா?

கையெழுத்துப் போடாமல் "பெற மறுப்பு" என்று திருப்பலாம், அது உங்கள் உரிமை. பணம் வருவது விற்றவரின் விதியைப் பொறுத்தது. வரி கூடுதல் என்ற காரணத்துக்காக மறுத்தால் பெரும்பாலும் போக்குவரத்துச் செலவைப் பிடித்துக்கொள்வார்கள், சிலர் திரும்பி வரும் செலவையும். திரும்பும் வழியில் தொலைந்தால் இன்னொரு தகராறு. பொருள் உடைந்திருப்பது வெளியிலேயே தெரிந்தால் மறுப்பது சரி. மற்றபடி வாங்கிக்கொண்டு புகார் போடுவதே எனக்கு நல்லதாகப் படுகிறது, ஆதாரம் உங்கள் கையில் இருக்கும்.

ரெண்டு பெட்டியா அனுப்பினதா சொல்றாங்க, ஒண்ணுதான் வந்திருக்கு. கையெழுத்து போடவா வேண்டாமா?

லேபிளைப் பாருங்கள், 1/2, 2/2 என்று அச்சிட்டிருக்கும். வந்ததற்கு மட்டும் போடுங்கள், தாளாக இருந்தால் "ஒரு பெட்டி மட்டும்" என்று எழுதி, திரையாக இருந்தால் அந்த லேபிளைப் போட்டோ எடுத்துவிட்டு. கூரியர் ஆள் "ரெண்டும் ஒரே நம்பர்தான் சார், நாளைக்கு வந்துரும், சேர்த்தே போட்டுடுங்க" என்பார். நாளைக்கு வந்தால் நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லுங்கள்.